ஒரு திட்டுக்காக ஒரு துப்பாக்கி

சுடுகிற மைதானத்து மேனேஜர் பீரோப் பூட்டைத் திறந்து துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் பெரியம்மா முதலில் மெழுகைப் பிசைவாள். பல் செட் கட்டுகிற இளஞ்சிவப்பு மெழுகு. எந்தச் சட்டையைப் போட்டாலும் பையில் ஒரு துண்டு கிடக்கும். உள்ளங்கைச் சூட்டில் இளக்கி, கட்டைவிரலால் உருட்டி, துப்பாக்கியின் பின்கட்டையில் கன்னம் படுகிற இடத்தில் அப்புவாள். கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். நகத்தால் துளி சுரண்டுவாள். மறுபடி வைத்துப் பார்ப்பாள். கடையிலிருந்து பளபளவென்று வந்த புதுத் துப்பாக்கி, இந்த மெழுகோடு சேர்ந்து, சூயிங்கம் ஒட்டிவைத்த வகுப்பு பெஞ்சு மாதிரி ஆகிவிடும். பெஞ்சு விஷயத்தில் எனக்கு அனுபவம் உண்டு என்பதால் சொல்கிறேன்.

"பல்லோ துப்பாக்கியோ, சரியா உக்காரணும்டி வாலு. உக்காரலன்னா சாகற வரைக்கும் உறுத்திக்கிட்டே கெடக்கும்."

வாலு நான்தான். வேறு பேர் ஒன்று உண்டு. அதைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கூப்பிட்டார்கள். இப்போது பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் தொந்தரவு செய்துகொள்வதில்லை.

சுடுகிற மைதானம் ஊருக்கு வெளியே இருக்கிறது. நீளமான புல்வெளி, ஒரு தகரக் கொட்டகை, தரையில் ஒரு குழி. குழிக்குள் மிஷின். சுடுகிறவர் "விடு!" என்று கத்தினால் மிஷின் ஆரஞ்சு நிறத்தில் ஒரு மண்தட்டை வானத்தில் வீசும். காபி கோப்பைக்கு அடியில் வைக்கிற தட்டு அளவுதான் இருக்கும். அதற்குக் களிமண் புறா என்று பேர் வைத்திருக்கிறார்கள். றெக்கையும் கிடையாது, சுட்டால் பாவமும் கிடையாது. குண்டு பட்டால் தூள். படாவிட்டால் தூரத்துப் புல்லில் முழுசாகப் போய் உட்கார்ந்துகொண்டு சுட்டவரைப் பார்த்து இளிக்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் வேலை வெட்டி உள்ளவர்கள்கூட இங்கே வந்து வரிசையில் நின்று இந்த அவமானத்தை வாங்கிக்கொண்டு போகிறார்கள்.

பெரியம்மாவின் தொழில் பல் செட் கட்டுவது. பல் டாக்டர்கள் நோயாளியின் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள்; இவள் அதில் பிளாஸ்டர் ஊற்றி, மெழுகு வைத்து, பல் நட்டு, ராவித் தேய்த்துத் திருப்பி அனுப்புவாள். வீட்டின் பின்னறைதான் பட்டறை. அலமாரி முழுக்க ஆளில்லாத வாய்கள். யாரோடு பேசினாலும் கண்ணைப் பார்க்கமாட்டாள், வாயைத்தான் பார்ப்பாள். எதிரே இருப்பவர் தான் சொன்ன விஷயம் இவளுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொள்வார். இவளோ அவருடைய கடைவாய்ப் பல்லைப் பற்றி வருத்தப்பட்டுக்கொண்டிருப்பாள்.

அவள் கட்டுகிற எந்த செட்டிலும் எல்லாப் பல்லும் நேராக இருக்காது. வேண்டுமென்றே ஒன்றைக் கொஞ்சம் திருப்பி வைப்பாள். இன்னொன்றின் முனையைத் தேய்த்துவிடுவாள். ஏன் என்று கேட்டேன்.

"எல்லாம் சிப்பாய் மாதிரி நின்னா அது வாய் இல்லடி, பல்பொடி விளம்பரம். ஒரு கோணல் இருக்கணும். அப்பத்தான் வீட்டுல இருக்கறவங்களுக்கு இது நம்ம ஆளுன்னு தோணும்."

பெரியப்பா டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தவர். ஊரில் பாதிப் பேர் அவரிடம் திட்டு வாங்கித்தான் ஸ்டியரிங் பிடித்தார்கள். "கண்ணாடியப் பாருய்யா! உன் அழகப் பாக்கவா மாட்டி வச்சிருக்கு?" என்று அவர் போடுகிற சத்தம் காருக்கு முன்னால் போகும், ஹாரனே தேவைப்படாது. திட்டுவது அவருக்குத் தொழில் மட்டுமில்லை, கைவந்த கலை. பிளாஸ்டர் தாடை ஒன்றை அவருடைய ரொட்டி டப்பாவில் நான் வைத்தபோது, வீட்டில் மற்றவர்கள் 'சின்னப் பொண்ணு' என்று சிரித்து மழுப்பினார்கள். பெரியப்பா மட்டும் மூச்சு விடாமல், ஒரு வார்த்தையைக்கூட இரண்டாம் தடவை உபயோகிக்காமல் திட்டினார். என் குறும்புக்கு உரிய மரியாதையைக் கொடுத்த ஒரே ஆள் அவர்.

அவரும் பெரியம்மாவும் சேர்ந்தே சுட வருவார்கள். அவர் சுமாராகச் சுடுவார். பெரியம்மா நின்றால் தட்டு முழுசாகக் கீழே வராது. ஆனால் அவள் சுடும்போது பின்னால் நின்று, குண்டு எங்கே போனது என்று சொல்லுகிற உரிமையை அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. பட்டால், "பட்டுச்சு, ஆனா ஓரத்துல பட்டுச்சு" என்பார். நடுவில் பட்டால், "தட்டு தானா வந்து மாட்டிக்கிச்சு" என்பார். என்றைக்காவது அபூர்வமாக ஒன்று தப்பிவிட்டால் அவருக்குத் திருவிழாதான்.

"பின்னால! பின்னால சுட்டுட்ட! தட்டு வீட்டுக்குப் போய்க் காபி குடிச்சிட்டிருக்கு, நீ அது நின்ன எடத்துக்குக் குண்டு அனுப்பற. அட்ரஸ் மாறிடுச்சுடி!"

"மூடுங்க. உங்க வாய்க்குக் கட்டின செட்டுல ஒரு பிரேக் வைக்காம விட்டேன் பாருங்க, என்னச் சொல்லணும்."

பெரியப்பா அவளைப் பாராட்டி யாரும் கேட்டதில்லை. மைதானத்துக்கு வருகிற பேக்கரிக்காரர், தான் சுட வருவதே இந்தச் சண்டையைக் கேட்கத்தான் என்பார்.

பெரியப்பாவுக்கு மறதி நோய் வந்தபோது முதலில் தெரிந்த அறிகுறி மறதி இல்லை, நன்றி. ஒருநாள் காலையில் பெரியம்மா காபியை நீட்டினாள். அவர் வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டு, "ரொம்ப நன்றிம்மா, நல்லா இருக்கு" என்றார். பெரியம்மா தன் கோப்பையைக் கீழே போட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எல்லாம் வரிசையாக வந்தது. அப்படிப்பட்ட நோயாளி இருக்கிற வீட்டில் துப்பாக்கி இருக்கக்கூடாது என்று போலீஸார் சொன்னார்கள். இருவர் துப்பாக்கியும் ஒரே பீரோவில் ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து நின்றவை. ஒரே வேனில் போயின. பெரியம்மா சுடுவதை விட்டாள். பெரியப்பா ஒருநாள் அடுப்பில் காஸைத் திறந்துவிட்டுப் பற்றவைக்க மறந்தார். இன்னொரு நாள் தெருவில் நின்றிருந்த யாருடைய காரிலோ ஏறி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, பெல்ட்டும் போட்டுக்கொண்டு, வண்டியை எடுக்கப்போகிற மாணவனுக்காகக் காத்திருந்தார். கார்க்காரர் வந்து கத்தியபோது, "மன்னிச்சுக்குங்க" என்று இறங்கி அவருக்குக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். கார்க்காரரும் அவரிடம் வண்டி கற்றவர்தான். அழுதுகொண்டே வீட்டில் கொண்டுவந்து விட்டார்.

அவர்களுடைய மகன், எனக்கு அண்ணன், தூரத்து ஊரில் இருக்கிறான். போனில் பொறுமையாகப் பேசினான். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒட்டுக்கேட்டேன்.

"அம்மா, உன்னால முடியாது. நல்ல காப்பகம், எடம் கெடச்சிருக்கு. வேன் அனுப்பறாங்க."

"அவருக்கு நான் யாருன்னு தெரியற வரைக்கும் எங்கூடத்தான் இருப்பாரு."

"தெரியலையேம்மா. உன்ன 'மேடம்'னு கூப்பிடறாரு."

"தெரியுது. திட்ட மறந்துட்டாரு, அவ்ளோதான்."

கடைசியில் அண்ணன், இந்த மாதம் முடியட்டும் என்றான். அதற்குள் அப்பா உன்னைத் தெரிந்துகொண்டதாக ஒரு அடையாளம் காட்டட்டும், வேன் வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றான்.

அடுத்த வாரமே பெரியம்மா புதுத் துப்பாக்கி வாங்கினாள். வீட்டுக்குக் கொண்டுவராமல் மைதானத்து பீரோவிலேயே வைத்துவிட்டாள். வாங்கியதும் எப்படிப்பட்ட துப்பாக்கி! பெரியப்பா ஆயுசு முழுக்க வெறுத்த ரகம். அவருக்கு இரட்டைக் குழல்தான் துப்பாக்கி. சுட்டதும் மடித்துத் திறந்து, வெறும் தோட்டாவைக் கையில் எடுத்துப் பையில் போட வேண்டும். இது ஆட்டோமேட்டிக். சுடச் சுட வெறும் தோட்டாவைத் தானே வலப்பக்கம் தூக்கி எறியும். "அது துப்பாக்கியா? சளி புடிச்ச பய மாதிரி துப்பிக்கிட்டே இருக்கும்" என்பார். அதை வைத்துக்கொண்டு எவராவது பக்கத்தில் வந்து நின்றால் பெரியப்பா இடம் மாறிப் போய்விடுவார்.

பெரியம்மா அதோடு நிறுத்தவில்லை. காலை மாற்றி வைத்து நின்றாள். சிதறிய தோட்டாக் கூடுகளைப் பொறுக்காமல் விட்டாள். அவருக்கு அது நடுவீட்டில் எச்சில் துப்புகிற மாதிரி. தொப்பியைப் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். அதற்கெல்லாம் மேல், தட்டுகளைத் தப்பவிட்டாள். ஒன்றுவிடாமல், வரிசையாக. ஒவ்வொரு தடவையும் விசையை இழுத்ததும் தலையைத் திருப்பித் தடுப்புக் கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற பெரியப்பாவைப் பார்த்தாள்.

பெரியப்பா கைதட்டினார்.

எனக்குத் துப்பாக்கி தெரியாது. குறும்பு தெரியும். நிஜமாகவே சுடத் தெரியாதவரின் குண்டு ஒருதடவை மேலே போகும், ஒருதடவை கீழே போகும், ஒருதடவை மேனேஜரின் வயிற்றைக் கலக்கும். பெரியம்மாவின் குண்டு எல்லாம் ஒரே இடத்துக்குப் போயின: தட்டுக்குப் பின்னால், அதே அளவு. அப்படிச் சரியாகத் தப்புவதற்கும் துப்பாக்கி கன்னத்தில் சரியாக உட்கார வேண்டும். அதற்குத்தான் அந்த மெழுகு.

திரும்பி வரும்போது காரில் கேட்டே விட்டேன். பின் சீட்டில் பெரியப்பா தூங்கிக்கொண்டிருந்தார்.

"வேணும்னேதானே விடற?"

"வாய் நீளம்டி உனக்கு."

கொஞ்ச தூரம் கண்ணாடியைப் பார்க்காமலே ஓட்டினாள். பிறகு சொன்னாள்: "ஒரே ஒரு தடவ திட்டட்டும். 'பின்னால'ன்னு ஒரு வார்த்த போதும். வேனை வாசல்லேர்ந்தே நான் திருப்பி அனுப்பிடறேன்."

நான் எத்தனையோ பேரிடம் வாலாட்டியிருக்கிறேன். ஆனால் எதிராளி கோபப்படவே மாட்டேன் என்கிறபோது குறும்பு எவ்வளவு பாவமான விஷயமாகிவிடுகிறது என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

நேற்று மாதத்தின் கடைசி ஞாயிறு. நாளைக்கு வேன் வருகிறது.

வழக்கம்போல இரண்டு மடக்கு நாற்காலி. ஒன்றில் பெரியப்பா, காதுமூடி மாட்டி, முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து, முதல்நாள் வகுப்புக்கு வந்த பிள்ளை மாதிரி. மற்றதில் நான் செருப்புக்காலைத் தூக்கி வைத்துக் குத்தவைத்திருந்தேன். அவர் என் பக்கம் சாய்ந்து கேட்டார்.

"நீங்க யாரு பொண்ணும்மா?"

"ஹெட்மாஸ்டர் பொண்ணு."

"நல்ல குடும்பம்" என்றார்.

பெரியம்மா போய் நின்றாள். "விடு!" ஆரஞ்சுத் தட்டு ஏறியது, சத்தம் கேட்டது, தட்டு முழுசாகப் போய்ப் புல்லில் உட்கார்ந்தது. திரும்பிப் பார்த்தாள். கைதட்டல். மறுபடி. மறுபடி. தோட்டாக் கூடு தெறித்துப் பேக்கரிக்காரரின் தோளில் விழுந்தது.

"அக்கா, அந்தச் சனியனத் தலையச் சுத்தித் தூக்கிப் போடுங்க. உங்க கைக்கு இப்படி ஒரு கேடா?"

"துப்பாக்கிக்கு ஒண்ணும் இல்ல தம்பி."

"மேடம், திரும்பிப் பாக்காதீங்கன்னு எத்தன தடவ சொல்றது?" என்று மேனேஜர் கத்தினார். "குழல் எங்க போகுதுன்னு தெரியாம யாராவது பின்னால பாப்பாங்களா?"

திட்ட வேண்டியவரைத் தவிர எல்லோரும் திட்டினார்கள்.

ஒரு கூடு உருண்டு வந்து பெரியப்பாவின் ஷூவில் முட்டி நின்றது. அவர் மெதுவாகக் குனிந்து எடுத்தார். முகர்ந்து பார்த்தார். இப்போது வரப்போகிறது என்று நினைத்தேன். பெரியம்மாவும் பார்த்துவிட்டாள். துப்பாக்கியைக் காலிசெய்து மேனேஜரிடம் கொடுத்துவிட்டுக் கயிற்றருகே ஓடிவந்தாள். அந்த வயதுக்கு அது ஓட்டம்தான்.

பெரியப்பா கூட்டைத் துடைத்து அவளிடம் நீட்டினார்.

"இது உங்களுதுங்களா?"

பெரியம்மா வாங்கிக்கொண்டாள். கயிற்றைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். எங்கேயும் யாரிடமும் எதையும் கெஞ்சிக் கேட்காதவள்.

"நான் எங்கங்க தப்பு பண்றேன்? குண்டு எங்க போகுது? பின்னால போகுதா?"

பெரியப்பா தீவிரமாக யோசித்தார்.

"புதுசாக் கத்துக்கறீங்க இல்ல, போகப் போக வந்துடும்மா. மனசு விட்டுடாதீங்க. எனக்கு இதெல்லாம் அவ்வளவா தெரியாது. எங்க வீட்டுக்காரி வருவா. அவளக் கேளுங்க."

"அவங்க... நல்லா சுடுவாங்களா?"

"நல்லாவா?" பெரியப்பா சிரித்தார். பெரியம்மா கட்டின பல் செட். முன்பல் ஒன்று கொஞ்சம் திரும்பி நிற்கும். "அவ இப்படியெல்லாம் விடமாட்டா. அவ சுட்டா தட்டு கீழ வராது. பின்னால நிக்கற எனக்கு ஒரு வேலையும் கெடையாது. சும்மா ஏதாவது கத்திக்கிட்டிருப்பேன். கத்தலன்னா, அப்புறம் நான் எதுக்கு அங்க நிக்கறேன்?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அவகிட்ட சொல்லிடாதீங்கம்மா" என்றார்.

பெரியம்மா தலையாட்டினாள். சொல்லமாட்டேன் என்று.

ஊரில் எல்லோருக்கும் கோணல் வைத்துக் கொடுக்கிறவள். தனக்கு வைத்த கோணலால்தான் அவர் கண்ணில் வேறு யாரோ ஆகிப்போனாள். அது அவளுக்குப் புரிந்த நேரத்தை நான் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

திரும்பிப் போனாள். தொப்பியை நேராகப் போட்டாள். காலைச் சரியாக வைத்தாள். துப்பாக்கியை வாங்கிக் கன்னத்தில் வைத்து, "விடு!" என்றாள்.

தட்டு குழியை விட்டு வெளியே வந்ததுதான் தெரியும். நடுவானத்தில் ஒரு பிடி ஆரஞ்சுத் தூள், அவ்வளவுதான். "விடு!" தூள். "விடு!" தூள். ஓரத்தில் இல்லை, எல்லாம் நடுவில். பேக்கரிக்காரர் தன் முறை வந்ததை மறந்து துப்பாக்கியைக் கீழே சாய்த்துக்கொண்டு நின்றார். மேனேஜர் வாய்க்குக் கொண்டுபோன டீயை அப்படியே பிடித்திருந்தார். பெரியம்மா ஒருதடவைகூடத் திரும்பவில்லை. கொண்டுவந்த தோட்டாவெல்லாம் தீர்கிற வரைக்கும் சுட்டாள்.

பக்கத்தில் பெரியப்பா எழுந்து நின்றிருந்தார். காதுமூடியைக் கழற்றிவிட்டார். முகமெல்லாம் வெளிச்சம். அப்படி ஒரு முகத்தை நான் இந்த ஒரு வருஷத்தில் பார்க்கவில்லை. ஆனால் அவர் சுடுகிறவளைப் பார்க்கவில்லை. கழுத்தைத் திருப்பி, மைதானத்து கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்துட்டா" என்றார். "சத்தத்தக் கேட்டீங்களா? அவதான். வேற யாரு சுட்டாலும் அப்படி உடையாது."

"பெரியப்பா, அங்க இல்ல. இங்க பாருங்க."

"கொஞ்சம் எந்திரிங்கம்மா, கோவிச்சுக்காதீங்க. அவளுக்கு உக்கார எடம் வேணும்ல? ரொம்ப நேரம் நின்னிருப்பா."

நான் எழுந்தேன். பெரியப்பா தன் தொப்பியைக் கழற்றி, நான் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இடம் பிடித்து வைத்தார். பஸ்ஸில் கைக்குட்டை போடுவது மாதிரி. பிறகு உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெரியம்மா வந்தாள். கன்னத்தில் மெழுகு ஒட்டியிருந்தது. நாற்காலிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"உக்காரலாங்களா?"

பெரியப்பா அவசரமாகத் தொப்பியின்மேல் கையை வைத்தார். அவருக்கு ரொம்பச் சங்கடமாக இருந்தது.

"மன்னிச்சுக்குங்க மேடம். ஆள் வருது."

நான் வாயைத் திறந்தேன். பெரியம்மா என்னைப் பார்த்து வேண்டாம் என்று கண்ணைக் காட்டினாள். அவர் கையை எடுக்கிற வரைக்கும் காத்திருந்தாள். பிறகு குனிந்து, சட்டைக் கையை உள்ளங்கை வரைக்கும் இழுத்துவிட்டுக்கொண்டு, தொப்பியை ஒரு கையால் தூக்கி, என் செருப்பு மண் ஒட்டியிருந்த அந்த நாற்காலியைச் சுத்தமாகத் துடைத்தாள். தொப்பியை இருந்த இடத்திலேயே திருப்பி வைத்தாள்.